கூட்டியும் குறிகை மாற்றியும்: குறைந்த திறன் சீமாஸ் சுற்றுகளில் மின்னழுத்தத்தின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் தடத்தில் உருவாகும் கைபேசிகளும் வாகனங்களும் இருவகை மின்னணுச் சுற்றுகளைச் சார்ந்து இயங்குகின்றன. எண்களைக் கூட்டவும் பெருக்கவும் செய்யும் கணக்கீட்டுச் சுற்று ஒன்று. ஒலி, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை எண்ணாக மாற்றித் தரும் குறிகை மாற்றி மற்றொன்று. இவ்விரண்டிலும் மின்திறன் செலவைக் குறைக்கும் வழி ஒன்றே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வழங்கு மின்னழுத்தத்தைக் குறைப்பது கணக்கீட்டுச் சுற்றுக்குப் பெரும்பயன் தருவதையும், நுட்பம் மிகுந்த குறிகை மாற்றிக்கு அப்பயன் கிட்டாமற்போவதையும் இக்கட்டுரை எண்களின் துணையுடன் விளக்குகிறது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு சுற்றை எடைபோடும் வழக்கத்தின் குறைபாடும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சீமாஸ், கூட்டி, குறிகை மாற்றி, மின்தேக்குத்திறன், வெப்ப இரைச்சல், திருப்பெரும்புதூர்

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கித் திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே ஒரகடம் வரை பரவியுள்ள நிலப்பரப்பு, கடந்த கால் நூற்றாண்டில் இந்தியாவின் முதன்மையான உற்பத்தித் தடங்களுள் ஒன்றாக மாறியது. ஹூண்டாய் நிறுவனம் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006இல் திருப்பெரும்புதூரில் கைபேசி ஆலையைத் திறந்து, 2014 நவம்பரில் மூடியது. ரெனோ–நிசான் ஆலை 2010இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. இன்று ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் ஒருங்கிணைக்கப்படுகின்றன.

இவ்வாலைகளில் பலகைகளில் பொருத்தப்படும் சில்லுகளுள் மிகப் பெரும்பாலானவை வேறு நாடுகளில் வார்க்கப்பட்டவை. சில்லின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பது இத்தடத்தின் அன்றாட வேலைக்குத் தேவைப்படுவதில்லை. எனினும் மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும், உணரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றைத் தீர்மானிப்பவை அச்சில்லினுள் இருக்கும் சுற்றுகளே. அவற்றுள் கூட்டியும் குறிகை மாற்றியும் அடிப்படையானவை.

கைபேசியில் ஒருவர் பேசும்போது நிகழ்வதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஜி.எஸ்.எம். முறையில் குரல் ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 13 பிட் கொண்ட எண்ணாகிறது. இது நொடிக்கு 1,04,000 பிட். இம்முறையின் முதல் தலைமுறைக் குரல் சுருக்கம் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை இவ்வெண்களைத் திரட்டி 260 பிட்டுகளாக, அதாவது நொடிக்கு 13,000 பிட்டுகளாகச் சுருக்குகிறது. அளப்பது குறிகை மாற்றியின் பணி. சுருக்குவது கூட்டல், பெருக்கல் சுற்றுகளின் பணி. ஒரே மின்கலம் இரண்டுக்கும் உணவளிக்கிறது.

சீமாஸ் சுற்றில் திறன் செலவாகும் விதம்

ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ், சி. டி. சா ஆகிய இருவரும் 1963இல் அறிமுகப்படுத்திய சீமாஸ் அமைப்பில், ஒவ்வொரு தருக்க வாயிலிலும் இருவகை டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக அமைகின்றன. ஒரு வகை திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். ஆதலால் வாயில் ஒரு நிலையில் அமைதியாக இருக்கும் வரை மின்கலத்திலிருந்து தரைமுனைக்கு நேரடிப் பாதை இல்லை. நிலை மாறும்போதுதான் செலவு.

அச்செலவைக் குடத்தில் நீர் நிரப்பிக் கவிழ்ப்பதோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு வாயிலின் வெளியீட்டிலும், அதைத் தொடரும் கம்பிகளிலும், அடுத்த டிரான்சிஸ்டர்களின் முனைகளிலும் சிறிதளவு மின்தேக்குத்திறன் உண்டு. வெளியீடு சுழியிலிருந்து ஒன்றாகும்போது அது நிரம்புகிறது. ஒன்றிலிருந்து சுழியாகும்போது தரையில் கவிழ்கிறது. ஒருமுறை நிரப்பிக் கவிழ்க்க ஆகும் ஆற்றல், மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிவரும் தொகை. இதை நொடிக்கு எத்தனை முறை என்னும் அதிர்வெண்ணாலும், உண்மையில் நிலைமாறும் வாயில்களின் விகிதத்தாலும் பெருக்கினால் இயங்கு திறன் கிடைக்கும்.

இச்சமன்பாட்டில் மின்தேக்குத்திறன், அதிர்வெண், நிலைமாறும் விகிதம் ஆகிய மூன்றும் ஒருமடியாகவே வருகின்றன. மின்னழுத்தம் மட்டும் இருமடியாக வருகிறது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் திறன் கால்பங்காகும். இதற்கு ஒரு விலையும் உண்டு: மின்னழுத்தம் குறையக் குறைய டிரான்சிஸ்டர் தள்ளும் மின்னோட்டம் குறைந்து, குடம் நிரம்ப நேரமாகும். சுற்றின் வேகம் குறையும்.

மெதுவான இரண்டு கூட்டிகள்

வேகக் குறைவை எவ்வாறு ஈடுசெய்வது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை 1992 ஏப்ரலில் வெளிவந்தது. சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்காவுக்குச் சென்ற அனந்த சந்திரகாசன், பெர்க்லியில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் எழுதிய ஆய்வுரை அது. அவர்கள் எடுத்துக்கொண்ட சுற்று மிக எளியது: இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு கூட்டி, விடையை மூன்றாவது எண்ணோடு ஒப்பிடும் ஓர் ஒப்பீட்டி. 5 வோல்ட்டில் இச்சுற்று 25 நானோநொடிக்கு ஒரு விடை தருகிறது.

இதே சுற்றை இரட்டிப்பாக்கி இரண்டையும் இணையாக வைத்தால், ஒவ்வொன்றும் 50 நானோநொடி எடுத்துக்கொண்டாலும் மொத்த உற்பத்தி குறையாது. அவ்வளவு மெதுவாக ஓட 2.9 வோல்ட் போதும். இரட்டைச் சுற்றோடு கூடுதல் கம்பிகளும் சேர்வதால் மின்தேக்குத்திறன் 2.15 மடங்காகிறது, அதிர்வெண் பாதியாகிறது, மின்னழுத்தம் 0.58 மடங்காகி, இருமடியில் 0.336 ஆகிறது. மூன்றையும் பெருக்கினால் 0.36. சில்லின் பரப்பு 3.4 மடங்கு பெருகியும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

பரப்பு இவ்வளவு பெருகுவதை விரும்பாதவருக்கு மற்றொரு வழி உண்டு. கூட்டிக்கும் ஒப்பீட்டிக்கும் இடையே ஒரு தற்காலிகச் சேமிப்பை வைத்து, ஒன்று கூட்டிக்கொண்டிருக்கும்போதே மற்றது முந்தைய விடையை ஒப்பிடுமாறு செய்யலாம். ஆலையில் வார்ப்பட்டையின் மீது நகரும் பலகையை ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொருவர் கையாள்வது போன்ற அமைப்பு இது. இங்கும் 2.9 வோல்ட் போதும், பரப்பு 1.3 மடங்கே, திறன் 0.39 மடங்கு. இரு வழிகளையும் சேர்த்தால் மின்னழுத்தம் 2 வோல்ட்டாகவும், பரப்பு 3.7 மடங்காகவும், திறன் ஐந்தில் ஒரு பங்காகவும் அமைகின்றன.

இம்முடிவின் சிறப்பு, அது பொது அறிவுக்கு மாறாகத் தோன்றுவதில் உள்ளது. சுற்றைப் பெரிதாக்கித் திறனைக் குறைக்க முடிகிறது. விரைந்து முடித்துவிட்டு ஓய்ந்திருக்கும் ஒரு கூட்டியைக் காட்டிலும், நிதானமாக உழைக்கும் இரண்டு கூட்டிகள் சிக்கனமானவை. அதே குழு 1994இல் வெளியிட்ட கையடக்கப் பல்லூடக முனையச் சில்லுத் தொகுதி 1.1 வோல்ட்டில், 5 மில்லிவாட்டுக்கும் குறைந்த திறனில் இயங்கியது.

மின்னழுத்தத்தை எங்கு வரை குறைக்கலாம்? டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் பயன்தொடக்க மின்னழுத்தத்தை நெருங்கும்போது வேகம் செங்குத்தாகச் சரிகிறது. ஒவ்வொரு கணக்கும் நீண்ட நேரம் எடுப்பதால், அந்நேரம் முழுவதும் மூடிய டிரான்சிஸ்டர்களின் ஊடே கசியும் மின்னோட்டம் செலவைக் கூட்டுகிறது. ஆகவே ஒரு கணக்குக்கான ஆற்றல் ஓரிடத்தில் மிகக் குறைந்து, பின்னர் மீண்டும் ஏறும். ஆலிஸ் வாங்கும் சந்திரகாசனும் எம்.ஐ.டி.யில் 0.18 மைக்ரான் முறையில் வடிவமைத்து 2005இல் வெளியிட்ட 1,024 புள்ளி ஃபூரியே மாற்றச் சில்லு 180 மில்லிவோல்ட்டிலும் இயங்கியது. ஆனால் அதன் ஆற்றல் செலவு மிகக் குறைந்திருந்தது 350 மில்லிவோல்ட்டில். மிகக் குறைந்த மின்னழுத்தமும் மிகக் குறைந்த ஆற்றலும் ஒன்றல்ல என்பதை இச்சில்லு அளவீட்டில் காட்டியது.

எண்ணிக்கையால் எடைபோடுதல்

முழுக்கூட்டி என்பது இரண்டு பிட்டுகளையும், முந்தைய இடத்திலிருந்து எடுத்துவரப்படும் இலக்கத்தையும் சேர்த்துக் கூட்டும் சுற்று. வழக்கமான நிலைச் சீமாஸ் வடிவில் இதற்கு 28 டிரான்சிஸ்டர்கள் தேவை. இதை 16, 14, 10 எனக் குறைத்துக் காட்டும் வடிவங்கள் ஆய்விதழ்களில் ஏராளம். பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்ட அறிக்கைகளிலும் இது விருப்பமான தலைப்பு. குறைந்த டிரான்சிஸ்டர், குறைந்த திறன் என்னும் சமன்பாடு அவற்றில் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்கப்படுகிறது.

10 டிரான்சிஸ்டர் கூட்டியின் சிக்கலை 1.8 வோல்ட்டில் இயங்கும் ஒரு சுற்றைக் கொண்டு காணலாம். இவ்வடிவங்களில் குறிகை ஒரே வகை டிரான்சிஸ்டரின் ஊடே கடந்து செல்கிறது. அவ்வாறு கடக்கும்போது மேல்நிலை முழுமையாக எட்டப்படுவதில்லை. பயன்தொடக்க மின்னழுத்தம் 0.45 வோல்ட் எனக் கொண்டால், 1.8க்குப் பதில் 1.35 வோல்ட்டே வெளிவரும். அடுத்த வாயிலில் முழுமையாக மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் இதனால் திறப்பின் விளிம்பில் நிற்கும். சீமாஸ் அமைப்பின் அடிப்படைச் சிறப்பாகிய ‘அமைதியில் செலவில்லை’ என்பது அங்கேயே சிதைகிறது. இத்தகைய கூட்டிகளை வரிசையாகக் கோத்தால் இடையிடையே குறிகையை மீட்டெடுக்கும் வாயில்களைச் சேர்க்க வேண்டிவரும். மிச்சம் பிடித்த டிரான்சிஸ்டர்கள் பின்வாசல் வழியே திரும்பி வந்துவிடும். அனைத்திலும் முதன்மையான இழப்பு வேறு: மின்னழுத்தத்தைக் குறைக்கும் வாய்ப்பே இச்சுற்றுக்கு இல்லை. இருமடியாகப் பயன்தரும் ஒரே காரணியைக் கைவிட்டு, ஒருமடிக் காரணியில் சேமித்ததாக அது கணக்குக் காட்டுகிறது.

தனியொரு கூட்டியை, வெளியே எந்தச் சுமையும் இன்றி, கணினி உருவகத்தில் மட்டும் அளந்து பெறும் நானோவாட் எண்கள் இக்காரணத்தாலேயே ஐயத்துக்குரியவை. குறைந்தது 8 அல்லது 16 கூட்டிகளைக் கோத்து, உண்மையான சுமையோடு, மின்னழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி அளந்தால் வரிசைமுறை பெரும்பாலும் மாறிவிடும். கோவையில் மட்டுமே தென்படும் மற்றொரு செலவும் உண்டு. எடுத்துச் செல்லும் இலக்கம் ஒவ்வோரிடமாகத் தவழ்ந்து வரும்போது, இறுதி விடை நிலைப்பதற்குள் மேலிடங்களின் வெளியீடுகள் பலமுறை தேவையின்றி மேலும் கீழும் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குடம் வீணாகக் கவிழ்கிறது.

தராசாக ஒரு மாற்றி

குறிகை மாற்றிகளுள் குறைந்த திறனுக்குப் பெயர்பெற்றது படிப்படியாக நெருங்கும் வகை. நகைக் கடைத் தராசில் எடைபோடுபவர் முதலில் பெரிய படிக்கல்லை வைத்துப் பார்க்கிறார். தட்டு இறங்கினால் அதை எடுத்துவிட்டு அதில் பாதியை வைக்கிறார். இறங்காவிட்டால் அதை விட்டுவைத்து அடுத்ததைச் சேர்க்கிறார். ஒவ்வொரு கல்லும் முந்தையதில் பாதியாக இருந்தால் பத்தே முறையில் 1,024 நிலைகளுள் ஒன்றைக் கண்டறியலாம். சில்லில் படிக்கற்களின் இடத்தைப் பாதிப்பாதியாகக் குறையும் மின்தேக்கிகள் பெறுகின்றன. தட்டைப் பார்க்கும் கண் ஓர் ஒப்பீட்டி. இவ்வமைப்பை முழுவதும் மாஸ் டிரான்சிஸ்டர்களால் செய்யலாம் என்பதை மெக்ரியரியும் கிரேயும் பெர்க்லியில் 1975இல் நிறுவினர்.

இதன் சிக்கனம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் வெளிவந்த மாற்றி ஒரு சான்று. 10 பிட், நொடிக்கு 10 இலட்சம் அளவீடு, செலவு 1.9 மைக்ரோவாட். ஓர் அளவீட்டுக்கு 1.9 பிக்கோஜூல் மட்டுமே.

இங்கும் மின்னழுத்தத்தைக் குறைத்தால் இருமடிப் பயன் கிடைக்குமா என்பதே வினா. மாற்றியின் ஒப்பீட்டியும் தருக்கப் பகுதியும் கூட்டியைப் போலவே பயன்பெறும். ஆனால் குறிகையைப் பிடித்து வைத்திருக்கும் மின்தேக்கிக்கு வேறொரு விதி உண்டு. அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் அசைவால் அதன் மின்னழுத்தம் சற்றே நடுங்கிக்கொண்டிருக்கும். 1 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் இந்நடுக்கம் ஏறத்தாழ 64 மைக்ரோவோல்ட். மின்தேக்கியை நான்கு மடங்கு பெரிதாக்கினால் நடுக்கம் பாதியாகும், வேறு வழியில்லை.

1 வோல்ட் வீச்சில், இந்நடுக்கம் எண்ணாக்கும்போது நேரும் பிழையை மிஞ்சாதிருக்க வேண்டுமெனில், 10 பிட்டுக்கு 0.05 பிக்கோஃபாரட் போதும். 12 பிட்டுக்கு 0.8, 14 பிட்டுக்கு 13, 16 பிட்டுக்கு ஏறத்தாழ 213 பிக்கோஃபாரட் தேவை. ஒவ்வொரு பிட்டும் நான்கு மடங்கு. இனி 14 பிட் மாற்றியின் மின்னழுத்த வீச்சைப் பாதியாக்கினால், ஒவ்வொரு படியும் பாதியாகச் சுருங்கும்; நடுக்கமும் பாதியாக வேண்டும்; மின்தேக்கி 13இலிருந்து 53 பிக்கோஃபாரடாக வளர வேண்டும். மின்தேக்குத்திறன் நான்கு மடங்கு, மின்னழுத்தத்தின் இருமடி கால்பங்கு: பெருக்கற்பலன் அப்படியே நிற்கிறது. கூட்டியில் கிடைத்த கொடை இங்கு முழுவதுமாகத் திரும்பப் பெறப்படுகிறது.

10 பிட் அளவில் இவ்வெல்லை தொலைவில் இருப்பதால் வடிவமைப்பாளருக்கு இடம் மிகுதி. 14 பிட்டைத் தாண்டினால் இயற்கையோடு பேரம் பேச முடியாது. ‘எத்தனை பிட்?’ என்பதே திறன் குறைப்பின் முதல் வினாவாக அமைவது இதனால்தான்.

சுமையைக் கூட்டிக்கு மாற்றுதல்

இரு பகுதிகளின் இயல்பும் வேறு என்பதை உணர்ந்தால், ஒன்றின் சுமையை மற்றொன்றுக்கு மாற்றும் வழி புலப்படும். சிக்மா–டெல்டா மாற்றி அவ்வழியில் பிறந்தது. 1962இல் டோக்கியோவில் இனோசே, யாசுதா, முராகாமி ஆகியோர் இதன் அடிப்படையை வெளியிட்டனர். இம்மாற்றி குறிகையை மிக நுட்பமாக ஒருமுறை அளப்பதை விடுத்து, மிகப் பருமட்டாக, ஒரே பிட்டில், தேவையைவிடப் பன்மடங்கு விரைவாக அளக்கிறது. ஒவ்வொரு முறையும் நேரும் பிழை அடுத்த அளவீட்டில் ஈடுசெய்யப்படுவதால், பிழையின் பெரும்பகுதி காதுக்கெட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளப்படுகிறது. பின்னர் வரும் எண்சார் வடிகட்டி அதை நீக்கி, பல பிட் கொண்ட எண்ணைத் தருகிறது. ஹோகனவர் 1981இல் விளக்கிய வடிகட்டி இதற்கு மிகவும் ஏற்றது: அதில் பெருக்கியே இல்லை, கூட்டிகளும் கழிப்பிகளும் தாமதச் சேமிப்புகளும் மட்டுமே.

நுண்மையான அனலாக் பகுதிகளின் பொறுப்பு இவ்வாறு கூட்டிகளின் மேல் ஏற்றப்படுகிறது. கூட்டிகளுக்கோ மின்னழுத்தத்தைக் குறைக்கும் சலுகை உண்டு. குரலுக்கும் இசைக்குமான மாற்றிகளில் இம்முறை நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். வெப்ப இரைச்சலின் எல்லை இதிலும் மறைந்துவிடுவதில்லை. ஒரு பெரிய மின்தேக்கியில் ஒருமுறை செலுத்த வேண்டிய விலை, சிறிய மின்தேக்கியில் பலமுறை செலுத்தப்படுகிறது.

தடத்தின் தேவையும் 180 நானோமீட்டரும்

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் பெரிதும் விடைபெற்றது. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 உட்படப் பல வண்டிகள் மின்னணு எரிபொருள் செலுத்தலுக்கு மாறின. காற்றழுத்தம், இயந்திர வெப்பநிலை, திராட்டில் நிலை, புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகிய அனைத்தும் இப்போது எண்ணாக மாறியே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நுழைகின்றன. 5 வோல்ட் வீச்சும் 10 பிட்டும் கொண்ட மாற்றியின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். நொடிக்கணக்கில் மாறும் வெப்பநிலைக்கு இது போதும். 14 பிட் மாற்றியை வைப்பது வீண்செலவு.

வண்டியின் மின்கலத்தால் ஊட்டப்படும் பெட்டியில் இச்செலவு உறைக்காது. சில கார்களின் சக்கரத்தினுள் பொருத்தப்படும் காற்றழுத்த உணரியில் அது உறைக்கும். 3 வோல்ட், 220 மில்லியாம்பியர்–மணி கொண்ட ஒரு பொத்தான் மின்கலத்தில் ஏறத்தாழ 2,400 ஜூல் ஆற்றல் உள்ளது. டயரைக் கழற்றாமல் 5 ஆண்டு ஓடவேண்டுமானால் சராசரித் திறன் 15 மைக்ரோவாட்டைத் தாண்டக்கூடாது. வானொலி அலையாகச் செய்தியை அனுப்பும் செலவும் இதற்குள்ளேயே அடங்கவேண்டும். அளவீடும் கணக்கீடும் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் சில்லு உறங்குகிறது. உறக்கத்தில் செலவாவது கசிவு மின்னோட்டம் மட்டுமே.

இங்கு இந்திய வடிவமைப்பாளருக்குக் கைக்கெட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மொகாலியிலுள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோமீட்டர், 1.8 வோல்ட் சீமாஸ் முறையில் சில்லுகளை வார்க்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளுள் ஒன்று 2018இல் அங்கு வார்க்கப்பட்டது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட மற்றொன்று இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையில் அமெரிக்காவில் உருவானது. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டம் கல்லூரிகளுக்கு வடிவமைப்பு மென்பொருள்களைப் பகிர்ந்தளிக்கிறது. உருவகத்தோடு நின்றுவிடாமல், வார்த்த சில்லை மேசையில் வைத்து, மின்னழுத்தத்தை இறக்கி இறக்கி அளக்கும் வழி மாணவர்களுக்கு இதனால் திறந்துள்ளது.

180 நானோமீட்டர் காலங்கடந்த முறை என்று ஒதுக்கப்படுவதுண்டு. கைபேசிச் செயலிக்கு அது பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் அதன் டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியவற்றைக் காட்டிலும் மிகக் குறைவாகக் கசிகின்றன. 350 மில்லிவோல்ட்டில் ஆற்றல் செலவு மிகக் குறைந்த அந்த ஃபூரியே மாற்றச் சில்லும் இதே தலைமுறையைச் சேர்ந்தது. 10 பிட் மாற்றிக்கு வேண்டிய மின்தேக்கிகளும், நிதானமாகக் கூட்டும் இரண்டு மூன்று கூட்டிகளும் அதன் பரப்பில் தாராளமாக அடங்கும். ஆண்டின் பெரும்பகுதி உறங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துக் காற்றழுத்தத்தை அளக்கும் சில்லுக்கு வேகம் தேவையில்லை. உறக்கத்தில் கசியாதிருப்பதே தேவை.